மென் தொடுவில்லைப் பராமரிப்பு

மென் தொடுவில்லைப் பராமரிப்பு என்பது, கண்ணின் மேற்பரப்பில் அணியப்படும் மென்மையான பார்வை வில்லைகளைத் தூய்மை செய்தல், அவற்றில் உள்ள நுண்ணுயிர்களை அழித்தல், பாதுகாப்பாக வைத்தல், உரிய காலத்தில் மாற்றுதல் ஆகிய செயல்களைக் குறிக்கும். பேச்சு வழக்கில் காண்டாக்ட் லென்ஸ் என்று அழைக்கப்படும் தொடுவில்லை, மூக்குக் கண்ணாடியைப் போலக் கண்ணுக்கு வெளியே நிற்கும் கருவி அன்று. அது கண்ணீர்ப் படலத்தின் மீது மிதந்தபடி, உயிருள்ள திசுவை ஒட்டிப் பல மணி நேரம் தங்குகிறது. ஆகவே வில்லையில் சேரும் அழுக்கும் நுண்ணுயிரும் நேராகக் கண்ணைச் சென்றடைகின்றன.

முறையாகப் பயன்படுத்தப்படும் மென் தொடுவில்லை பாதுகாப்பான கருவியாகும். கடுமையான தொற்று அரிதாகவே ஏற்படுகிறது. ஆயினும் ஏற்பட்டுவிட்டால், சில நாட்களுக்குள் பார்வையை நிலையாகக் குறைக்கக் கூடியது. இத்தொற்றுகளுள் பல, தவிர்க்கக் கூடிய பழக்கங்களோடு தொடர்புடையவை. இதனாலேயே வில்லையைத் தூய்மை செய்யும் முறையைப் போலவே, அணிபவர் அம்முறையை நாள்தோறும் கடைப்பிடிக்கிறாரா என்பதும் கண் மருத்துவத்தில் முக்கிய ஆய்வுப் பொருளாக உள்ளது.

வகைகள்

மென் தொடுவில்லைகள் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் நெகிழிப் பொருள்களால் ஆனவை. மூலப்பொருளின் அடிப்படையில் இவை இரு பெரும் வகைப்படும்.

ஹைட்ரோஜெல் வில்லை: நீரை ஏற்கும் பலபடிச் சேர்மத்தால் ஆனது. இவ்வகையில் ஆக்சிஜன் பெரும்பாலும் வில்லையில் உள்ள நீரின் வழியாகவே கண்ணை அடைகிறது.

சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வில்லை: 1990களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. சிலிக்கோன் வழியாக ஆக்சிஜன் எளிதில் ஊடுருவுவதால், முந்தைய வகையைக் காட்டிலும் பல மடங்கு ஆக்சிஜன் கண்ணுக்குக் கிடைக்கிறது.

பயன்பாட்டுக் காலத்தைப் பொறுத்து, ஒருநாள் அணிந்து எறியும் வில்லை, இருவார வில்லை, மாத வில்லை எனவும் இவை பிரிக்கப்படுகின்றன. ஒருநாள் வில்லைக்குத் தூய்மைப்படுத்தும் கரைசலோ, வைக்கும் பெட்டியோ தேவையில்லை. மற்றவற்றை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தூய்மை செய்து, தொற்றுநீக்கம் செய்தல் வேண்டும். பார்வைக் குறைபாடு இல்லாமல், கண்ணின் நிறத்தை மாற்றிக் காட்டுவதற்காக மட்டும் அணியும் வண்ண வில்லைகளுக்கும் இவ்விதிகள் அனைத்தும் பொருந்தும். ஐக்கிய அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு முதல் அழகுக்கான வில்லைகளும் சட்டப்படி மருத்துவக் கருவிகளாகவே கருதப்படுகின்றன.

வரலாறு

மென் தொடுவில்லையின் தோற்றம் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்தது. வேதியியலாளர்களான ஓட்டோ விக்டர்லே, டிராகோஸ்லாவ் லிம் ஆகிய இருவரும் நீரை ஏற்கும் நெகிழிக் கூழ்மங்கள் பற்றிய தம் ஆய்வை 1960ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்டனர். 1961ஆம் ஆண்டு கிறித்துமசு விடுமுறையின்போது, மெர்க்கூர் என்னும் சிறுவர் விளையாட்டுக் கட்டுமானப் பொருள்களைக் கொண்டு, சுழல் வார்ப்பு முறையில் வில்லைகளை உருவாக்கும் பொறியை விக்டர்லே தம் வீட்டிலேயே அமைத்தார். இம்முறைக்கான உரிமை பின்னர் அமெரிக்காவைச் சென்றடைந்தது. பாஷ் அண்ட் லாம் நிறுவனத்தின் மென் வில்லைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1971இல் ஒப்புதல் அளித்தது.

தொடக்க காலத்தில் வில்லைகள் வெப்பத்தால் தொற்றுநீக்கம் செய்யப்பட்டன. உப்பு நீரில் இட்ட வில்லைகளைச் சிறு மின்கருவியில் வைத்துச் சூடாக்குவது அன்றைய வழக்கம். நுண்ணுயிர்களை அழிப்பதில் இம்முறை திறன் மிக்கதாக இருந்தது. ஆனால் வெப்பத்தால் முட்டையின் வெண்கரு உறைவதைப் போல, வில்லையில் படிந்த கண்ணீர்ப் புரதமும் உறைந்து ஒட்டிக்கொண்டது. இப்புரதப் படிவு வில்லையை மங்கச் செய்ததுடன், மேலிமையின் உட்புறத்தில் ஒவ்வாமை அழற்சிக்கும் காரணமாயிற்று.

அடுத்து வந்த வேதிக் கரைசல்களில் தைமரோசல், குளோர்ஹெக்சிடின் போன்ற பாதுகாப்புப் பொருள்கள் கலக்கப்பட்டன. அணிபவர்களுள் கணிசமானோர்க்கு இவற்றால் கண் எரிச்சலும் ஒவ்வாமையும் உண்டாயின. புரதத்தை நீக்குவதற்கு நொதி மாத்திரைகளும் பயன்பாட்டுக்கு வந்தன. அவற்றுள் ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து பெறப்படும் பப்பாயின் நொதியால் ஆனது. 1980களின் பிற்பகுதியில், தூய்மை செய்தல், அலசுதல், தொற்றுநீக்கல், சேமித்தல் ஆகிய நான்கையும் ஒரே புட்டியால் செய்ய வல்ல பல்நோக்குக் கரைசல்கள் அறிமுகமாயின. அதே காலத்தில் அணிந்து எறியும் வில்லைகளும் விற்பனைக்கு வந்தன. பராமரிப்பு எளிதாகியது. எளிமை கூடக் கூட, படிகளைத் தவிர்க்கும் பழக்கமும் வளர்ந்தது.

கருவிழிப்படலமும் தொற்றும்

கருவிழிப்படலம் என்பது கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிவாக அமைந்துள்ள படலமாகும். ஒளி உட்செல்ல வேண்டியிருப்பதால் இதில் குருதிக் குழாய்கள் இல்லை. விழித்திருக்கும்போது இதற்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாகக் கிடைக்கிறது. உறங்கும்போது இமையின் உட்புறக் குருதிக் குழாய்களிலிருந்து குறைந்த அளவே கிடைக்கிறது.

இயல்பான கண்ணில் நுண்ணுயிர்கள் எளிதில் நுழைய முடிவதில்லை. இமைச் சிமிட்டல் அவற்றை அவ்வப்போது துடைத்துவிடுகிறது. கண்ணீரில் உள்ள லைசோசைம், லாக்டோபெரின் முதலிய புரதங்கள் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. கருவிழிப்படலத்தின் மேலடுக்குச் செல்கள் நெருக்கமாக அமைந்து அரணாக நிற்கின்றன. தொடுவில்லை இவ்வரண்கள் அனைத்தையும் ஓரளவு தளர்த்துகிறது. வில்லைக்கு அடியில் கண்ணீர் மெதுவாகவே மாறுகிறது, ஆக்சிஜன் குறைகிறது, மேலடுக்கில் நுண்ணிய சிராய்ப்புகள் ஏற்படலாம். வில்லையில் நுண்ணுயிர்களும் இருக்குமானால், அவை நெடுநேரம் படலத்தோடு தொடர்பில் இருக்கும் வாய்ப்பைப் பெறுகின்றன.

இவ்வாறு உண்டாகும் தொற்று நுண்ணுயிர்க் கருவிழிப்படல அழற்சி எனப்படும். மென் வில்லை அணிபவர்களிடம் இதற்கு முதன்மைக் காரணமாக அமைவது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா ஆகும். ஈரமான இடங்களில் செழித்து வளரும் இது, ஓரிரு நாட்களிலேயே படலத்தைக் கரைத்துத் துளையிடும் ஆற்றல் உடையது. புண் ஆறிய பின்னும் வெண்ணிறத் தழும்பு எஞ்சலாம். அத்தழும்பு பார்வை அச்சில் அமைந்தால் கண்ணாடியாலோ வில்லையாலோ பார்வையை முழுமையாக மீட்க இயலாது. அந்நிலையில் கருவிழி மாற்று அறுவை மருத்துவம் தேவைப்படலாம்.

ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்று, ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் எத்தனை பேருக்கு இந்நோய் ஏற்படுகிறது என்பதைக் கணக்கிட்டது. பகலில் மட்டும் மென் வில்லை அணிபவர்களில் 1.9 பேருக்கும், இரவிலும் ஹைட்ரோஜெல் வில்லையோடு உறங்குபவர்களில் 19.5 பேருக்கும் நோய் ஏற்பட்டது. ஆக்சிஜன் மிகுதியாகப் புகும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வில்லையோடு உறங்கியவர்களிடம் இவ்வீதம் 25.4 ஆக இருந்தது. அதாவது, ஆக்சிஜன் குறைபாடு நீங்கினாலும் உறக்கத்தில் வில்லை அணிவதன் ஆபத்து நீங்கவில்லை. ஒருநாள் வில்லை அணிபவர்களிடம் நோய் வீதம் 2.0 ஆக இருந்தபோதிலும், அவர்களிடம் பார்வை இழப்பு குறைவாகவே காணப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

வில்லையில் படிவன

ஒரு நாள் அணிந்த வில்லையில் கண்ணீர்ப் புரதங்கள், கொழுப்புகள், சளிப்பொருள், உதிர்ந்த செல்கள், விரல்களிலிருந்து வந்த அழுக்கு, ஒப்பனைப் பொருள்கள் ஆகியன படிகின்றன. ஹைட்ரோஜெல் வில்லைகளில், குறிப்பாக மின்சுமை உடையவற்றில், புரதம் மிகுதியாகச் சேர்கிறது. சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வில்லைகளில் புரதம் குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் சேர்கிறது. இப்படிவுகள் பார்வையை மங்கச் செய்வதோடு, நுண்ணுயிர்கள் பற்றிக்கொள்ளும் களமாகவும் அமைகின்றன. தொற்றுநீக்கும் மருந்து படிவுக்கு அடியில் உள்ள நுண்ணுயிரை எளிதில் அடைவதில்லை. ஆகையால் முதலில் தூய்மை செய்தலும், அதன் பின்னரே தொற்றுநீக்கலும் நிகழ வேண்டும். இவ்விரண்டும் வேறுவேறு செயல்கள் ஆகும்.

தூய்மை செய்யும் முறை

பல்நோக்குக் கரைசலைப் பயன்படுத்துவோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் படிகள் பின்வருமாறு:

1. கைகளைச் சோப்பால் நன்கு கழுவி, நூலிழை உதிராத துணியால் முழுமையாக உலர்த்த வேண்டும். ஈரக் கையில் உள்ள குழாய் நீரே வில்லைக்கு நுண்ணுயிரைக் கொண்டு சேர்க்கக் கூடும்.

2. எப்போதும் ஒரே கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். இதனால் வலது, இடது வில்லைகள் மாறிவிடுவது தவிர்க்கப்படும்.

3. கழற்றிய வில்லையை உள்ளங்கையில் வைத்துச் சில துளிகள் புதிய கரைசலை இட்டு, சுட்டுவிரல் நுனியால் இருபுறமும் மென்மையாகத் தேய்க்க வேண்டும். நகம் படக் கூடாது. தேய்க்க வேண்டிய நேரம் கரைசலுக்குக் கரைசல் வேறுபடும்.

4. தேய்த்த வில்லையை அதே கரைசலால் நன்கு அலச வேண்டும். தேய்த்தலால் பெயர்ந்த அழுக்கும் நுண்ணுயிரும் அலசும்போதே வெளியேறுகின்றன.

5. தூய, உலர்ந்த பெட்டியில் புதிய கரைசலை நிரப்பி, வில்லை முழுவதும் மூழ்குமாறு வைத்து மூட வேண்டும். கரைசலின் உறையில் குறிப்பிட்டுள்ள குறைந்த அளவு நேரம் வரை அதனை எடுக்கக் கூடாது.

6. மீண்டும் அணியும் முன் கைகளைக் கழுவி உலர்த்தி, வில்லையில் கிழிசலோ படிவோ உள்ளதா எனவும், அது உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பியுள்ளதா எனவும் பார்க்க வேண்டும். சரியான பக்கத்தில் உள்ள வில்லை விரல் நுனியில் கிண்ணம் போல் நிற்கும். திரும்பிய வில்லையின் விளிம்பு வெளியே விரிந்திருக்கும்.

7. வில்லையை அணிந்த பின்னரே ஒப்பனை செய்துகொள்ள வேண்டும். வில்லையைக் கழற்றிய பின்னரே ஒப்பனையைக் கலைக்க வேண்டும்.

எச்சிலால் வில்லையை நனைத்து மீண்டும் கண்ணில் இடுவது மிகத் தீங்கான பழக்கமாகும். மனித வாயில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வில்லை கீழே விழுந்தால் உடனே அணியாது, முழுமையாகத் தூய்மையும் தொற்றுநீக்கமும் செய்த பின்னரே பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தி முடித்த வில்லைகளைக் கைகழுவும் தொட்டியிலோ கழிப்பறையிலோ போடாமல் குப்பையில் இடுதல் நன்று. அவை கழிவுநீரில் சிதைந்து நுண்நெகிழித் துகள்களாக மாறுகின்றன.

கரைசல்கள்

பல்நோக்குக் கரைசல்

இதில் அழுக்கை நீக்கும் பொருள், நுண்ணுயிர்க் கொல்லி, உப்புச் செறிவைக் கண்ணீருக்கு ஒப்பாக வைக்கும் பொருள்கள், ஈரப்பதம் காக்கும் பொருள் ஆகியன அடங்கியுள்ளன. பாலிகுவாட்டர்னியம், பிஎச்எம்பி போன்ற பெரிய மூலக்கூறுகள் நுண்ணுயிர்க் கொல்லிகளாகப் பயன்படுகின்றன. இவை வில்லையின் நுண்துளைகளுக்குள் எளிதில் நுழையாதவை. கரைசலின் எச்சம் வில்லையோடு கண்ணுக்குள் செல்வதால், கொல்லியின் செறிவு மிகக் குறைவாகவே வைக்கப்படுகிறது. கண்ணைப் புண்படுத்தாமல் நுண்ணுயிரை மட்டும் கொல்ல வேண்டும் என்னும் இந்தக் குறுகிய இடைவெளியிலேயே பல்நோக்குக் கரைசல் செயல்படுகிறது. நீர்த்துப்போனாலோ, பழையதோடு கலந்தாலோ அதன் திறன் விரைவில் குன்றுவதற்கு இதுவே காரணம்.

பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 14729, தனித்துத் தொற்றுநீக்கம் செய்யும் கரைசல், குறிப்பிட்ட மூன்று பாக்டீரியாக்களை 99.9 விழுக்காடும், இரண்டு பூஞ்சைகளை 90 விழுக்காடும் குறைக்க வேண்டும் என வரையறுக்கிறது. இத்தரம் அக்காந்தமீபாவுக்கு எதிரான திறனைச் சோதிப்பதில்லை.

ஹைட்ரஜன் பெராக்ஸைடு

மூன்று விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்ஸைடு திறன் மிக்க தொற்றுநீக்கி ஆகும். பாதுகாப்புப் பொருள்களால் ஒவ்வாமை ஏற்படுவோர்க்கு இது பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. இதற்கென உள்ள சிறப்புப் பெட்டியில் பிளாட்டினம் பூசிய வட்டு அமைந்திருக்கும். சில வகைகளில் நொதி மாத்திரை இடப்படும். இவை பெராக்ஸைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கின்றன. இதற்குப் பொதுவாக ஆறு மணி நேரம் தேவைப்படுகிறது. வெளிவரும் ஆக்சிஜன் வெளியேறும் வகையில் மூடியில் துளை இருப்பதால், சாதாரணப் பெட்டியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

நடுநிலையாகாத பெராக்ஸைடு கண்ணில் பட்டால் கடும் எரிச்சலையும் புண்ணையும் உண்டாக்கும். எச்சரிக்கைக்காகவே இப்புட்டிகளின் முனை சிவப்பு நிறத்தில் அமைக்கப்படுகிறது. நடுநிலையான பின்னர் பெட்டியில் எஞ்சுவது உப்பு நீரே என்பதால், பல நாட்கள் அப்படியே வைத்த வில்லையை மீண்டும் தொற்றுநீக்கம் செய்யாமல் அணிதல் கூடாது.

உப்புக் கரைசல்

உப்புக் கரைசல் வில்லையை அலசுவதற்கு மட்டுமே பயன்படும். அது நுண்ணுயிர்களைக் கொல்வதில்லை. வில்லையைச் சேமிக்க இதனைப் பயன்படுத்துவது, தொற்றுநீக்கமே செய்யாமல் விடுவதற்கு ஒப்பாகும். அவ்வாறே கண்ணை ஈரமாக்கும் சொட்டு மருந்தும் தூய்மைக் கரைசலுக்கு மாற்றாகாது.

வில்லைப் பெட்டி

பராமரிப்பில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படும் பொருள் வில்லைப் பெட்டியே ஆகும். நோய் அறிகுறி ஏதும் இல்லாதவர்களின் பெட்டிகளிலும் நுண்ணுயிர்கள் இருப்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் கண்டறிந்துள்ளன. பெட்டியின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் ஒன்றுதிரண்டு, பசை போன்ற பொருளைச் சுரந்து, அதற்குள் வாழ்கின்றன. இது உயிர்ப்படலம் எனப்படும். உயிர்ப்படலத்துக்குள் உள்ள பாக்டீரியாவைக் கரைசலால் மட்டும் அழிப்பது கடினம். தேய்த்து அகற்றுவதே பயன் தரும்.

எனவே நாள்தோறும் வில்லையை அணிந்த பின்னர், பெட்டியில் உள்ள கரைசலைக் கொட்டிவிட்டு, சுத்தமான விரலால் புதிய கரைசல் கொண்டு தேய்த்து அலசி, தூய மெல்லிய தாளால் துடைத்து, மூடிகளைத் திறந்து, கவிழ்த்து உலர வைக்க வேண்டும். கழிப்பறைக்கு அருகிலோ ஈரம் மிகுந்த இடத்திலோ வைத்தல் ஆகாது. குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய பெட்டிக்கு மாற வேண்டும். பகலில் மட்டும் வில்லை அணிபவர்களைப் பற்றிய ஆய்வுகளில், பெட்டியைத் தூய்மையாக வைக்காததும் நெடுநாள் மாற்றாததும் கடும் தொற்றின் வாய்ப்பைப் பல மடங்கு உயர்த்துவது தெரிய வந்துள்ளது.

முந்தைய நாள் கரைசலைக் கொட்டாமல், அதன் மீதே சிறிது புதியதை ஊற்றி நிரப்புவதும் பரவலாக உள்ள பழக்கம். பழைய கரைசலில் உள்ள நுண்ணுயிர்க் கொல்லி ஏற்கெனவே செலவாகிவிட்டதால், இவ்வாறு செய்வது தொற்றுநீக்கும் திறனைப் பெரிதும் குறைக்கிறது.

தண்ணீரும் அக்காந்தமீபாவும்

குடிப்பதற்கு ஏற்ற நீர் தொடுவில்லைக்கு ஏற்றதன்று. குழாய் நீர், கிணற்று நீர், நீச்சல் குளம், ஆறு, மண் ஆகிய எல்லாவற்றிலும் அக்காந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி வாழ்கிறது. சூழல் தீங்காக மாறும்போது இது இரட்டைச் சுவர் கொண்ட கூட்டினுள் ஒடுங்குகிறது. குடிநீரில் சேர்க்கப்படும் அளவிலான குளோரின் இக்கூட்டை அழிப்பதில்லை. குடித்த நீரில் இது இருந்தாலும் பொதுவாகத் தீங்கு இல்லை. ஆனால் வில்லையில் ஒட்டிக் கருவிழிப்படலத்தை அடைந்தால், கடும் வலியோடு கூடிய அழற்சியை உண்டாக்கும்.

கண்ணில் இந்நோய் 1970களின் முற்பகுதியில் முதன்முதலாக அறியப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் மென் வில்லை அணிபவர்களிடம் நோயாளிகளின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. அங்கு நடந்த ஆய்வு, உப்பு மாத்திரைகளை வடிநீரில் கரைத்து வீட்டிலேயே தயாரித்த உப்புக் கரைசலைப் பயன்படுத்தியதும், போதிய அளவு தொற்றுநீக்கம் செய்யாததும், வில்லையோடு நீந்தியதும் நோயோடு தொடர்புடையவை என 1987இல் வெளிப்படுத்தியது. வடிநீர் தூயதே எனினும் நுண்ணுயிரற்றது அன்று.

இந்நோயைத் தொடக்கத்தில் அக்கி வைரஸ் தொற்றாகவோ பூஞ்சைத் தொற்றாகவோ தவறாகக் கருதிவிட வாய்ப்புண்டு. மருத்துவம் பல மாதங்கள் நீளலாம். ஆதலால், வில்லை அணிந்தபடி குளித்தல், நீந்துதல், முகம் கழுவுதல், வில்லையையோ பெட்டியையோ குழாய் நீரில் அலசுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நீந்தியே ஆக வேண்டியவர்கள் ஒருநாள் வில்லையும் நீர் புகாத நீச்சல் கண்ணாடியும் அணிந்து, கரையேறியவுடன் வில்லையை எறிந்துவிடுவது ஓரளவு பாதுகாப்பானது.

2006, 2007 நிகழ்வுகள்

தென்னிந்தியா போன்ற வெப்பமண்டல வேளாண் பகுதிகளில், பயிர்த்தாள் முதலியவற்றால் கண்ணில் காயம்பட்டவர்களுக்கு பியூசேரியம் என்னும் பூஞ்சையால் கருவிழிப்படல அழற்சி ஏற்படுவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. ஆனால் 2005, 2006 ஆண்டுகளில் ஹாங்காங், சிங்கப்பூர், ஐக்கிய அமெரிக்கா ஆகிய இடங்களில், எவ்விதக் காயமும் அடையாத நகரவாசிகளான வில்லை அணிபவர்களிடம் அதே பூஞ்சை காணப்பட்டது மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மேற்கொண்ட ஆய்வில் 164 நோயாளிகள் உறுதி செய்யப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டது. ரென்யூ மாய்ஸ்ச்சர்லாக் என்னும் பல்நோக்குக் கரைசலின் பயன்பாடு நோயோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தது. பாஷ் அண்ட் லாம் நிறுவனம் 2006 மே மாதம் அக்கரைசலை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

திறக்கப்படாத புட்டிகளில் பூஞ்சை காணப்படவில்லை. கரைசல் அன்றைய ஆய்வகச் சோதனைகளிலும் தேறியிருந்தது. ஆனால் நீர் ஆவியாதல், பழைய கரைசலின் மீதே ஊற்றி நிரப்புதல் போன்ற அன்றாடச் சூழல்களில் அது பூஞ்சைக்கு எதிரான திறனை இழக்கக் கூடியதாக இருந்தது எனப் பின்னர் விளக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 2007 மே மாதம், கம்ப்ளீட் மாய்ஸ்ச்சர்பிளஸ் என்னும் மற்றொரு நிறுவனத்தின் கரைசல், அக்காந்தமீபாத் தொற்றுகளோடு தொடர்புடையது எனக் கண்டறியப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்வுகள் இரண்டு பாடங்களைத் தந்தன. ஆய்வகத்தில் தேறும் கரைசல், மனிதர்களின் உண்மையான பழக்கங்களுக்கு இடையிலும் தேற வேண்டும் என்பது முதலாவது. தேய்க்கத் தேவையில்லை என்னும் விளம்பரத்தோடு விற்கப்பட்ட கரைசல்களையும் தேய்த்தே பயன்படுத்துதல் நன்று என்பது இரண்டாவது. இதன் பின்னர், தேய்த்து அலசுதலை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் கண் மருத்துவ அமைப்புகளும் மீண்டும் வலியுறுத்தத் தொடங்கின.

அறிவுரைக் கடைப்பிடிப்பு

மருத்துவர் கூறிய பராமரிப்பு முறைகளை அணிபவர் எந்த அளவு பின்பற்றுகிறார் என்பது அறிவுரைக் கடைப்பிடிப்பு எனப்படும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வில்லை அணியும் வயது வந்தோர் ஏறத்தாழ 4 கோடியே 9 இலட்சம் பேர். ஆய்வில் பங்கேற்ற வில்லை அணிபவர்களுள் ஏறத்தாழ 99 விழுக்காட்டினர், தொற்று ஆபத்தை உயர்த்தும் பழக்கம் ஒன்றையேனும் கொண்டிருந்தனர். சுமார் 82 விழுக்காட்டினர் பெட்டியைப் பரிந்துரைத்த காலத்துக்கு மேல் பயன்படுத்தினர். சுமார் 55 விழுக்காட்டினர் பழைய கரைசலின் மீதே புதியதை நிரப்பினர். சுமார் பாதிப் பேர் வில்லையோடு இரவில் உறங்கியதுண்டு. பகல் தூக்கத்தைப் பொறுத்தவரை இது சுமார் 87 விழுக்காடு. கண் சிவந்தோ வலித்தோ மருத்துவரை நாட வேண்டியிருந்ததாக மூன்றில் ஒரு பங்கினர் தெரிவித்தனர்.

தம்மைத் தாமே சரியாக மதிப்பிட இயலாமையும் ஒரு சிக்கலாகும். 2010இல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வில், 162 பேருள் 86 விழுக்காட்டினர் தாம் விதிகளைப் பின்பற்றுவதாக நம்பினர். பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் இட்டபோது, நன்கு பின்பற்றுவோர் 32 விழுக்காட்டினரே எனத் தெரிந்தது.

கடைப்பிடிப்பு குறைவதற்குப் பல காரணங்கள் உள்ளன:

உடனடி விளைவு இன்மை: தேய்க்காமல் விட்ட வில்லையும் மறுநாள் இயல்பாகவே இருக்கிறது. ஒரு படியைத் தவிர்த்தும் தீங்கு நேராதபோது, அப்படி தேவையற்றது என்னும் எண்ணம் வேரூன்றுகிறது.

அறிவுரை ஒரே முறை கிடைத்தல்: வில்லை வாங்கும் நாளில், கண்ணில் இடவும் எடுக்கவும் பழகும் பதற்றத்தினிடையே கேட்ட அறிவுரைகள் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை.

செலவும் களைப்பும்: கரைசலையும் வில்லையையும் சிக்கனப்படுத்தும் எண்ணம், இரவு நேரக் களைப்பு, பயணம் ஆகியன படிகளைக் குறைக்கத் தூண்டுகின்றன.

நாட்கணக்கு மறத்தல்: இருவார வில்லையை மாற்ற வேண்டிய நாள் எந்த நாட்காட்டி நாளோடும் பொருந்துவதில்லை. மாத வில்லை அணிபவர்களைக் காட்டிலும் இருவார வில்லை அணிபவர்களே காலங்கடந்து பயன்படுத்துவது மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன.

தெரிந்திருந்தும் செய்யாதோர் பலர் என்பதால், வெறும் எச்சரிக்கையால் பயன் குறைவு. ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் அறிவுரையைத் திரும்பக் கூறுதல், எழுத்து வடிவில் தருதல், மருத்துவர் முன்னிலையில் வில்லையைத் தேய்த்துக் காட்டச் செய்தல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன. ஒழுங்காகத் தூய்மை செய்கிறீர்களா என்று கேட்டால் ஆம் என்னும் விடையே கிடைக்கும். நேற்றிரவு வில்லையைக் கழற்றியது முதல் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டால் உண்மை நிலை தெரிய வரும். பெட்டியையும் கரைசலையும் உடன் கொண்டுவரச் சொல்வதும் பயனுள்ளது. பராமரிப்பைத் தொடர்ந்து கடைப்பிடிக்க இயலாதவர்க்கு ஒருநாள் வில்லை அல்லது மூக்குக் கண்ணாடியே ஏற்றது.

எச்சரிக்கை அறிகுறிகள்

வில்லை அணிபவர் நாள்தோறும் தம் கண்களிடம் மூன்றினைச் சோதிக்கலாம்: பார்வை தெளிவாக உள்ளதா, கண் வெண்மையாக உள்ளதா, உறுத்தல் இன்றி உள்ளதா. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வில்லையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பின்னும் பின்வரும் அறிகுறிகள் நீடித்தால் அன்றே கண் மருத்துவரை அணுக வேண்டும்:

1. கண் வலி, அல்லது நேரம் செல்லச் செல்ல மிகும் உறுத்தல்
2. கண் சிவத்தல்
3. வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல்
4. பார்வை மங்கல்
5. சீழ் அல்லது மிகுதியான நீர் வடிதல்
6. கருவிழியின் மேல் வெண்புள்ளி தோன்றுதல்

வலி குறைந்துவிட்டது எனக் கருதி அதே வில்லையை மீண்டும் அணியக் கூடாது. கண்ணைத் துணியால் கட்டி மூடுவதும், மருத்துவர் கூறாமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை இடுவதும் தொற்றைப் பெருகச் செய்யும். கழற்றிய வில்லை, பெட்டி, கரைசல் ஆகியவற்றை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அவற்றை ஆய்வகத்தில் சோதிப்பதன் மூலம், எந்த நுண்ணுயிரால் தொற்று ஏற்பட்டது என்பதை விரைந்து அறிய வாய்ப்புண்டு. வில்லை அணியும் ஒவ்வொருவரிடமும் சரியான அளவுடைய மூக்குக் கண்ணாடி ஒன்று மாற்றாக இருத்தல் வேண்டும். அது இல்லாதவர், கண் சிவந்த நாளிலும் வில்லையை அணிய நேரிடுகிறது.

இவற்றையும் பார்க்க

கருவிழிப்படலம்
கண்ணீர்
கிட்டப்பார்வை
மூக்குக் கண்ணாடி
கண் தானம்